நீலப் பாஸ்போர்ட்டை ஒளித்து வைத்த கோடை

1

போன புதன்கிழமை காலை கடை ஷட்டரை முழுசாகத் தூக்கக்கூட இல்லை. முருகேசன் கையில் ஒரு லட்டு டப்பாவோடு வந்து நின்றான்.

"பாய், உங்காளு ஜெயிச்சுட்டாரு! வாயத் தொறங்க மொதல்ல."

"எனக்கு ஏது ஆளு? எனக்கு அங்க ஓட்டா இருக்கு?"

"மகனுக்கு இருக்குல்ல? அப்ப உங்காளுதான்."

முருகேசன் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் ஃபோர்மேன். சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம். எனக்குக் கீழக்கரை. ஊரில் இருந்திருந்தால் ஒரே பஸ்ஸில் ஏறி இறங்கி முகம் பார்க்காமல் போயிருப்போம். ஷார்ஜா ரோலாவில் பதினாறு வருஷமாக அவன் என் கடைக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறான். அன்று புதன்கிழமை வந்ததற்குக் காரணம் உண்டு. கம்பெனி அவனை லாங் லீவில் போகச் சொல்லிவிட்டது. சம்பளமில்லாத லீவு, திரும்பக் கூப்பிடும் தேதியும் இல்லை. அதற்குப் பெட்டி வாங்க வந்தவன்தான் லட்டும் வாங்கி வந்திருக்கிறான். மனுஷன் அப்படி.

என் கடையில் சூட்கேஸும் கம்பளியும் விற்கிறேன். அமெரிக்காவில் யாரோ வீட்டுக் கடன் கட்டவில்லை, அங்கே பேங்க் படுத்துக்கொண்டது, இங்கே கிரேன் நின்றது, என் கடையில் பெட்டி விற்பனை கூடியது. இந்தக் கணக்கைப் பொருளாதாரம் படித்த எவனும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். ஒரு ஊர் அரசாங்கம் தும்மினால் இன்னொரு ஊரில் எவனெவன் படுக்கையைச் சுருட்டுகிறான் என்று என் கல்லாவில் உட்கார்ந்தே சொல்லிவிடுவேன். இந்த மாதிரி விற்பனை கூடுவதில் எனக்குச் சந்தோஷம் கிடையாது.

ஆனாலும் அன்று காலை எனக்கு நிம்மதியாக இருந்தது. அமெரிக்கத் தேர்தல் முடிவு அதில் பாதிதான். மீதிப் பாதி, நாலு வருஷமாக மகனிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு தப்பை அன்று போனில் சொல்லித் தொலைத்ததில் வந்தது. இரண்டாயிரத்து நாலாம் வருஷம் கோடையில் அவன் அமெரிக்கா போவதைத் தடுக்க அவனுடைய பாஸ்போர்ட்டை ஒளித்து வைத்தேன். பெற்ற வாப்பாவே செய்த வேலை. இதைத் தமிழில் எழுதுவதால் அவனால் படிக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

2

நான் அமெரிக்கக் குடிமகனுக்கு வாப்பா ஆனது ஏதோ திட்டம் போட்டு நடந்ததல்ல. என் மனைவி பல்கீஸின் அண்ணன் நியூ ஜெர்சியில் கல் வியாபாரம். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம், அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயர் நியூ ஜெர்சிக் காக்கா. நீலக்கல், மரகதம், மாணிக்கம் என்று தரம் பிரிக்க நம்பிக்கையான ஆள் வேண்டுமென்று இருபது வயதிலேயே ஊரை விட்டு வெளிநாட்டில் கல் தொழில் பழகியிருந்த என்னை எண்பத்து நாலில் கூப்பிட்டுக்கொண்டார். பல்கீஸ் பின்னால் வந்தாள். எண்பத்து ஆறில் இர்பான் பிறந்தான். ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா வந்து பெயரை எழுதச் சொன்னாள், எழுதினோம். அவ்வளவுதான், பையன் அமெரிக்கன்.

அந்தக் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காக்காவிடம் சம்பளத்துக்கு இருப்பதும் ஒத்துக்கொள்ளவில்லை. பையனுக்கு இரண்டு வயது ஆனதும் ஷார்ஜாவுக்கு வந்து கடை போட்டேன். லீவில் கீழக்கரைக்குப் போனால் பையனைப் பார்க்கவே ஆள் வரும். மூன்று வயதுப் பிள்ளைக்கு நாலு வீட்டில் பெண் கேட்டார்கள். "அந்த நீலப் புஸ்தகத்தைப் பத்திரமா வச்சுக்க மச்சான்" என்று எனக்கு உபதேசம் வேறு. எங்கள் பாஸ்போர்ட்டைவிட அவன் பாஸ்போர்ட்டுக்குத்தான் பல்கீஸ் பட்டுத்துணி உறை தைத்தாள்.

3

ரோலாவில் என் கடை வாசலில் மூன்று பெரிய சூட்கேஸ்களைப் படுக்கப் போட்டிருப்பேன். அவைதான் எங்கள் பாராளுமன்றம். சாயங்கால அசர் தொழுகை முடிந்து கூட்டம் வரும்வரை அதில் உட்கார்ந்து அமெரிக்காவைத் திருத்துவோம்.

நான்தான் அதில் பெரிய பேச்சாளன். மூன்றரை வருஷம் அங்கே இருந்தவன், போதாததற்கு அமெரிக்கனைப் பெற்றவன். அப்பன் ஜனாதிபதியாக வந்து ஒரு போர் செய்தார், மகன் வந்து இன்னொரு போர் செய்கிறார், பரம்பரைத் தொழில் போல இருக்கிறது என்பேன். ஆயுதம் இருக்கிறது என்று சொல்லி ஒரு நாட்டையே புரட்டிப் போட்டார்களே, ஒரு ஊசிப் பட்டாசாவது கிடைத்ததா என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். கடைசியில், "ஜனங்க நல்ல ஜனங்கப்பா, கவர்மெண்டுதான் சரியில்லை" என்று முடிப்பேன். வளைகுடாவில் எந்த நாட்டைப் பற்றியும் இப்படி முடித்தால் யாரோடும் சண்டை வராது.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அதில் ஒரு சுகம் இருந்தது. தொண்ணூற்று ஒன்றில் முதல் போரின்போது ஜுபைலில் வேலை பார்த்த எங்கள் ஊர்ப் பையன்கள் மூஞ்சியில் விஷவாயு முகமூடி மாட்டிக்கொண்டு கேம்பில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதும் நான் இங்கே பேசிக்கொண்டுதான் இருந்தேன். போர் என்பது எனக்கு டிவியில் பச்சை நிறத்தில் தெரிகிற விஷயம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

4

இரண்டாயிரத்து நாலு ஜூன் மாதம். இர்பான் பிளஸ் டூ முடித்திருந்தான். நியூ ஜெர்சியில் ஒரு காலேஜில் இடம் கிடைத்து, காக்கா வீட்டில் தங்கிப் படிப்பதாக ஏற்பாடு. காலேஜிலிருந்து தடித்த உறையில் காகிதம் வந்தது. படிப்புக்கு அரசாங்கமே உதவித்தொகை தருமாம். அதற்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியல். இர்பான் சாப்பிட்டுக்கொண்டே வாசித்தான்.

"வேக்சினேஷன் சர்டிஃபிகேட். அப்புறம் டிராஃப்ட் ரெஜிஸ்ட்ரேஷன். அப்புறம் ரெண்டு ஃபோட்டோ."

"நடுவுல ஒண்ணு சொன்னியே, அது என்ன?"

"எய்ட்டீன் ஆனா பாய்ஸ் எல்லாம் பேரு குடுக்கணும் வாப்பா. ஆர்மிக்கு. இட்ஸ் ஜஸ்ட் எ கார்டு. உம்மா, இன்னும் கொஞ்சம் மீன் வைங்க."

தடுப்பூசிக்கும் போட்டோவுக்கும் நடுவில் அதை வாசித்துவிட்டு மீன் கேட்கிறான்.

அந்த வெள்ளிக்கிழமை முருகேசன் ஒரு காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தான். கேம்ப் ஆபீஸ் கிளார்க்குக்கு வந்த இமெயிலாம். பிரின்ட் எடுத்து எனக்காகவே கொண்டுவந்திருக்கிறான். அமெரிக்காவில் அடுத்த வருஷம் கட்டாய ராணுவச் சேவை வரப் போகிறது, சட்டம் ரெடியாக இருக்கிறது, தேர்தல் முடிந்ததும் அறிவிப்பார்கள், காலேஜில் படித்தாலும் விடமாட்டார்கள், கனடாவுக்கு ஓடினாலும் பிடிப்பார்கள் என்று வரிசையாக எழுதியிருந்தது.

"பாய், தம்பிக்கு அந்தூரு பாஸ்போர்ட்டாச்சேன்னு எனக்கு மனசு கேக்கல. பாத்துக்கங்க" என்றான். அவன் அன்பில் குறை சொல்ல முடியாது. என் தூக்கத்துக்கு உலை வைத்தவன் அவன்தான்.

இராக்கில் அப்போது தினம் சாவு. டிவியில் ஹெல்மெட் போட்ட பையன்களைக் காட்டும்போதெல்லாம் எல்லாருக்கும் இர்பானின் மூக்கு இருப்பது போலத் தெரிந்தது. என் மகன் துப்பாக்கியோடு ஒரு தெருவில் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே நிற்கிற பையன் பெயரும் இர்பானாக இருக்கலாம். அவனும் காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்திருக்கலாம். எந்தப் பக்கத்துக் குண்டுக்கு நான் பயப்படுவது? யாருக்காக துஆ கேட்பது? இத்தனை நாள் சூட்கேஸில் உட்கார்ந்து பேசிய பேச்சில் ஒரு பேச்சுகூட அப்போது உதவிக்கு வரவில்லை.

5

இந்த இடத்தில் வளைகுடாவில் இருப்பவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு யோசனை எனக்குத் தோன்றியது.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். இங்கே நம்மைக் கொண்டுவந்த கஃபீல்தான் நமக்கு எல்லாம். அவரை அர்பாப் என்போம், முதலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை லைசென்ஸ் அவர் பெயரில். நம் பாஸ்போர்ட் அவர் வீட்டு இரும்புப் பெட்டியில். ஊருக்குப் போகும்போது கேட்டு வாங்க வேண்டும், வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். வருஷக்கணக்காக இப்படி இருந்தால் மனசு ஒரு சட்டம் எழுதிவிடும்: பாஸ்போர்ட் யார் பெட்டியில் இருக்கிறதோ, ஆள் அவர் கையில். அவர் விடாமல் எவனும் உன்னை எங்கேயும் கொண்டுபோக முடியாது.

ஆகவே அமெரிக்க ராணுவத்திடமிருந்து மகனைக் காப்பாற்ற, அவன் பாஸ்போர்ட்டை அர்பாபின் பெட்டியில் வைத்துவிட்டேன். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். நான் அந்தப் பூனைக்கும் பெரியப்பா.

என் அர்பாப் நல்ல மனுஷர். நான் போனபோது அவர் வீட்டில் லண்டன் பயணத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டிகள் என் கடைப் பெட்டிகள். பட்டுத்துணி உறையை எடுத்துவிட்டு நீலப் புஸ்தகத்தை நீட்டினேன். "அர்பாப், யே பி ரக்கோ", இதையும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் யாருடையது என்றுகூடப் பார்க்கவில்லை. "தய்யிப்", சரி என்று சொல்லி, மற்றதோடு சேர்த்து வைத்துப் பூட்டிச் சாவியைக் கந்தூரா அங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் வந்து இர்பானிடம், பதினெட்டு ஆகப் போகிறதல்லவா, விசா மாற்ற ஆபீசில் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னேன். அது நம்பக்கூடிய பொய். இந்த நாட்டில் பையனுக்குப் பதினெட்டு முடிந்தால் படித்துக்கொண்டிருந்தால் தவிர வாப்பாவின் விசாவில் வைத்துக்கொள்ள முடியாது. அவன் தலையை ஆட்டிவிட்டுக் கம்ப்யூட்டருக்குத் திரும்பினான். அன்று அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

அடுத்த வாரம் அர்பாப் குடும்பத்தோடு லண்டன் போனார். சாவியும் போனது.

6

ஜூலையில் இர்பானுக்குப் பதினெட்டு ஆனது. பல்கீஸ் பிரியாணி செய்தாள். நான் அவனுக்குக் கடையிலேயே நல்ல சூட்கேஸாக ஒன்று எடுத்துக்கொடுத்தேன். பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துவிட்டுப் பெட்டி பரிசு கொடுக்கிறவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

"வாப்பா, பாஸ்போர்ட் வந்துச்சா?"

"புக்ரா. நாளைக்கு வந்துரும், இன்ஷா அல்லாஹ்."

அல்லாஹ்வின் பெயரைப் பொய்க்கு முட்டுக் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தினம் சொன்னேன்.

அந்த நேரத்தில் நியூ ஜெர்சிக் காக்கா போன் செய்தார். பேச்சோடு பேச்சாக இந்தக் கட்டாய ராணுவ விஷயத்தை இழுத்தேன். மனுஷர் போனிலேயே குதித்தார்.

"மாப்ளே, உமக்குப் புத்தி கித்தி பெசகிப்போச்சா? என் ரெண்டு மவனும் பேரு குடுத்திருக்கானுவ. ஒருத்தன் பேங்க்ல இருக்கான், ஒருத்தன் பல்லு புடுங்கிக்கிட்டு இருக்கான். அது சும்மா ஒரு லிஸ்டுய்யா, நம்மூரு ரேஷன் கார்டு மாதிரி. வியட்நாமுக்கு அப்புறம் கட்டாயமா ஒருத்தனையும் புடிக்கல. புடிச்சா இங்க ஒரு பயலும் ஓட்டுப் போடமாட்டான்."

"இல்ல காக்கா, சட்டம் ரெடியா இருக்குன்னு இமெயில்ல..."

"எலெக்ஷன் வருசத்துல நூறு இமெயில் வரும். எவனோ போரை எதுக்குறவனே, பணக்காரன் புள்ளையும் போவட்டும் பாப்போம்னு குத்திக்காட்ட ஒரு பில்லைப் போட்டிருக்கான். அது எங்கயும் பாஸாவப்போறதில்ல. புள்ளைய அனுப்பும் மொதல்ல."

போனை வைத்தபோது எனக்கு உடம்பு லேசானது. அதே நிமிஷம் வேறு பக்கம் கனத்தது. பயத்துக்குக் காரணமில்லை, சரி. ஆனால் பாஸ்போர்ட் பூட்டியிருக்கிறது, சாவி லண்டனில் இருக்கிறது. அர்பாபின் செல்லுக்கு அடித்தால் மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை. வீட்டுக் காவல்காரப் பட்டானிடம் கேட்டால், "கர்மி கதம், அர்பாப் ஆயேகா" என்கிறான். வெயில் முடியட்டுமாம், வருவாராம். ஆகஸ்டில் ஷார்ஜாவில் வெயில் எப்போது முடிய?

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பதினெட்டு வயதானவனை ஒரு நாடு இனி உன் வாப்பாவோடு இருக்காதே, கிளம்பு என்கிறது. இன்னொரு நாடு வா, பெயரைக் கொடு, படிக்கப் பணம் தருகிறேன் என்கிறது. இரண்டுக்கும் அவன் காட்ட வேண்டிய புஸ்தகம் ஒரே இரும்புப் பெட்டியில் கிடக்கிறது. உள்ளே வைத்தவன் சூட்கேஸ் விற்றுக்கொண்டிருக்கிறான்.

பல்கீஸ் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"மச்சான், பாஸ்போர்ட் எங்க இருக்குன்னு எனக்குச் சொல்ல வேணாம். அவன் போற நாளைக்கு மட்டும் கையில கொண்டாந்து குடுத்துருங்க."

அவள் மடித்த சட்டையையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

போகிற நாளும் வந்தது. பாஸ்போர்ட் வரவில்லை. விமானம் அவனை விட்டுவிட்டுப் போனது. டிராவல்ஸ்காரரிடம் கெஞ்சி டிக்கெட் தேதியை மாற்றினேன். அன்று முழுக்க இர்பான் என்னோடு கடையில் இருந்தான். ஒரு கேரளத்துக்காரருக்கு நாலு கம்பளி பிரித்துக் காட்டி, அரைகுறை மலையாளத்தில் பேசி, இரண்டை விற்றான். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. அவன் சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கூனிக் குறுகிப் போய் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன்.

7

ஆகஸ்ட் கடைசியில் அர்பாப் வந்துவிட்டார் என்று பட்டான் போன் செய்தான். கடையை அப்படியே பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன்.

அர்பாப் மஜ்லிஸ் கூடத்தில் காவா காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஊற்றச் சொன்னார். நான் நின்றபடியே பாஸ்போர்ட் வேண்டும் என்றேன். ஊருக்குப் போகிறாயா என்று கேட்டார். என்னுடையது இல்லை, மகனுடையது என்றேன். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து தேடினார். கறுப்புப் புஸ்தகங்களுக்கு நடுவே நீலத்தைக் கண்டதும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஷூ ஹாதா, செய்யது? அம்ரீகி? யே மேரா பாஸ் க்யோங்?"

என் பெயரைச் சொல்லி, இது என்ன, அமெரிக்கன் பாஸ்போர்ட்டா, என்னிடம் வேலை செய்யாதவனுடையது என்னிடம் எதற்கு என்கிறார். எனக்குத் தெரிந்த இந்தியிலும் அரபியிலும் எல்லாவற்றையும் கொட்டினேன். ராணுவம், இமெயில், இராக், பயம். உங்களிடம் இருந்தால் அவனை யாரும் கொண்டுபோக முடியாது என்று நினைத்தேன் என்றேன்.

அவர் சிரிக்கப் போகிறார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அந்தப் புஸ்தகத்தைத் திறந்து இர்பானின் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தன் மூத்த மகனுக்கும் அமெரிக்காவில் காலேஜ் கிடைத்ததாம். நியூயார்க்கில் அந்த இரட்டைக் கட்டடங்கள் விழுந்த பிறகு விசாவுக்கு எட்டு மாதம் காத்திருந்தானாம். வரவே இல்லையாம். இப்போது ஆஸ்திரேலியாவில் படிக்கிறானாம்.

"மேரா லட்கா கோ வோ லோக் அந்தர் நஹி லியா," என்றார். "தும்ஹாரா லட்கா கோ புலாத்தா ஹை, தும் சந்தூக் மே டால்தா ஹை. மஜ்னூன்!"

என் மகனை அவர்கள் உள்ளே விடவில்லை, உன் மகனைக் கூப்பிடுகிறார்கள், நீ பெட்டியில் போட்டுப் பூட்டுகிறாய், பைத்தியக்காரா என்று அர்த்தம். சரியான வார்த்தைதான். ஷார்ஜாவில் இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் திட்டியது அந்த ஒரு முறை. பிறகு என் பாஸ்போர்ட்டையும் எடுத்து இரண்டையும் சேர்த்து என் கையில் வைத்து, "கலாஸ். அப்னா பாஸ் ரக்கோ", போதும், உன்னிடமே வைத்துக்கொள் என்றார்.

அன்றைக்கே இர்பான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தக் கார்டை எழுதினான். பெயர், பிறந்த தேதி, விலாசம், கையெழுத்து. இரண்டு நிமிஷம் ஆகவில்லை. நான் எதிரே உட்கார்ந்து பேனா போகிற போக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை நாள் தூங்காதது இந்தச் சின்ன அட்டைக்காகவா என்று இருந்தது. அதற்காகத்தான்.

8

ஒரு வாரம் தாமதமாகக் காலேஜ் சேர்ந்தான். நியூயார்க் ஏர்போர்ட்டில் அவன் பெயரைப் பார்த்துவிட்டு மூன்று மணி நேரம் தனி ரூமில் உட்கார வைத்தார்கள். எங்கே இருந்தாய், யாரோடு பழகுகிறாய், எந்தப் பள்ளிவாசல் என்று கேள்வி. முடித்துவிட்டு முத்திரை அடித்த ஆள், "வெல்கம் ஹோம்" என்றானாம். இர்பான் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு முதல் பாதியில் ரத்தம் கொதித்தது, பின் பாதியில் அடங்கியது. அமெரிக்க அரசாங்கத்தைப் பற்றி என் கருத்து என்ன என்று யாராவது கேட்டால் இன்றுவரை இதைத்தான் சொல்கிறேன். சந்தேகப்பட்டு மூன்று மணி நேரம் உட்கார வைக்கவும் தெரியும், உன் வீடு என்று சொல்லவும் தெரியும். இரண்டையும் ஒரே ஆள் செய்கிறான்.

அந்த மசோதா அக்டோபரிலேயே தோற்றது. கொண்டுவந்தவரே அதற்கு எதிராக ஓட்டுப் போட்டாராம். காக்கா போன் செய்து, "என்ன மாப்ளே, தூங்குனீரா?" என்று கேட்டார். போர் மட்டும் நிற்கவில்லை. அதைப் பற்றி நான் இப்போதும் பேசுகிறேன், ஆனால் பழைய சிரிப்பு வருவதில்லை. பெயர் தெரியாத எந்தப் பையன் செத்தாலும் அவன் வீட்டில் ஒருத்தன் பாஸ்போர்ட்டை ஒளித்து வைக்காமல் விட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பான் என்று நினைக்கிறேன். இரண்டு பக்கத்திலும்.

இந்தப் புதிய ஆளைப் பற்றியும் எனக்கு அதிகம் கனவு கிடையாது. அவருடைய நடுப் பெயரை எங்கள் தெருவில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதற்காக அவர் நம் மாமன் மகன் ஆகிவிட மாட்டார். படையைத் திருப்பிக் கூப்பிடுவேன் என்கிறார், கூப்பிடட்டும். பேங்க்கை நிமிர்த்துவேன் என்கிறார். நிமிர்ந்தால் முருகேசனுக்குத் திரும்ப வேலை கிடைக்கும், என் கடையில் பெட்டி விற்பனை குறையும். குறையட்டும்.

புதன்கிழமை முருகேசனுக்குப் பெட்டி காட்டிக்கொண்டிருந்தபோதுதான் இர்பானிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல், ஹாரன் சத்தம்.

"வாப்பா, டிவி பாத்தீங்களா? நான் ஓட்டுப் போட்டேன்! ரெண்டு மணி நேரம் லைன்ல நின்னேன்."

"யாருக்குப் போட்டே?"

"அது சீக்ரெட். சொல்லமாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஊரில் ஓட்டுப் போடும் வயது வருமுன் விமானம் ஏறியவன். இன்றுவரை எந்த நாட்டிலும் ஒரு ஓட்டுப் போட்டதில்லை. என் வீட்டில் முதல் ஓட்டு இவனுடையது. அந்த நிமிஷம் இதற்கு மேல் மறைக்க முடியாது என்று பட்டது. முருகேசன் பக்கத்தில் இருப்பதுகூட மறந்துபோனது.

"இர்பான், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த வருஷம் உன் பாஸ்போர்ட் விசா ஆபீஸ்ல இல்ல. நான்தான் அர்பாப்கிட்ட குடுத்து வச்சிருந்தேன். உன்னை ஆர்மில புடிச்சிருவாங்கன்னு பயந்து..."

"தெரியும் வாப்பா."

"என்னது?"

"விசாவுக்குக் குடுத்தா ஒரு ரிசீட் தருவாங்கல்ல? உங்ககிட்ட ரிசீட்டே இல்ல. டெய்லி புக்ரா புக்ரான்னீங்க. அப்பவே தெரியும்."

அங்கே கிடந்த பெட்டியிலேயே உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே? ஃப்ளைட்டே போயிருச்சேடா!"

"கான்சுலேட்டுக்குப் போனேன் வாப்பா. லாஸ்ட்னு ஒரு ஃபார்ம் குடுத்தா ஃபோர் டேஸ்ல புதுசு தருவோம்னாங்க. ஃபார்ம்கூட வாங்கிட்டு வந்தேன். எல்லாம் எழுதிட்டேன்."

"அப்புறம் ஏன் குடுக்கல?"



"அதுல, எப்படித் தொலைஞ்சுதுன்னு எழுதச் சொல்லி ஒரு லைன் இருந்துச்சு. என்ன எழுதுறது? தொலையலையே வாப்பா. உங்ககிட்டதானே இருந்துச்சு."